முகர்ந்த மாலை

எனக்குப் பதின்மூன்று வயது நடக்கும்போது, ஒரு நாள் காலை நான் கட்டிய துளசி மாலையில் ஒரு தலைமுடி இருந்தது. அப்பாதான் பார்த்தார். விரலில் சுருட்டி எடுத்து வெளிச்சத்தில் பிடித்துவிட்டு, "நம்ம வீட்லயும் ஒருத்தி சூடிப் பாத்துட்டுத்தான் குடுக்கா போல" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா சிரித்தாள். அப்பாவும் சிரித்தார். பிறகு அந்த மாலையை ஓரமாக வைத்துவிட்டு, இருந்த துளசியில் அவரே வேறொன்று கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் இந்தக் கேலி புரியாத ஆள் கிடையாது. அந்தக் காலத்தில் பெருமாளுக்கென்று ஓர் அப்பா கட்டி வைத்த மாலையை மகள் எடுத்துத் தன் கழுத்தில் போட்டு அழகு பார்த்தாள். ஒரு நாள் மாலையில் முடி கிடந்து அகப்பட்டுக்கொண்டாள். அந்த அப்பா பதறிப் போய் வேறு மாலை கட்ட, அவள் சூடிக் கொடுத்ததுதான் வேண்டும் என்று பெருமாளே கேட்டுவிட்டார். எங்கள் ஊரின் கோபுரம், தேர், பெருமை எல்லாம் இந்தக் கதையிலிருந்து வந்தவைதான். என் அப்பா பிரியமாகத்தான் சொன்னார். ஆனால் கதையின் பின்பாதி என் மண்டையில் ஏறவில்லை. முடி கிடந்தது, மாலை ஒதுக்கப்பட்டது, இது மட்டும்தான் ஏறியது.

பெரிய கோயிலுக்குக் கட்ட வேறு குடும்பங்கள் இருந்தன. எங்களுக்கு வாய்த்தது தெருக்கோடியில் இருந்த ஒரு சின்னப் பெருமாள் கோயில். தினம் ஒரு துளசி மாலை. எங்கள் தோட்டத்துத் துளசி, எங்கள் வீட்டுக் கை. எத்தனை தலைமுறையாக என்று அப்பாவுக்கே தெரியாது. ஒரு நாளும் நின்றதில்லை என்று மட்டும் தெரியும். அவர் கையைவிட என் கை நேர்த்தி என்பதால் பத்து வயதிலேயே கட்டுகிற வேலை எனக்கு வந்துவிட்டது. அப்பா விடியுமுன்பே தோட்டத்துக்குப் போய்ப் பறித்துக்கொண்டு வருவார். நான் குளித்துவிட்டு, அடுக்களைக்குப் பக்கத்து அறையில் உட்கார்ந்து வாழைநாரில் கட்டி முடிப்பேன். அப்பா பூக்குடலையில் வைத்து எடுத்துப் போவார்.

சாமிக்குப் போகிற பூவை முகரக் கூடாது. இது ஊரறிந்த விஷயம். அதை நினைத்து எந்தப் பிள்ளையும் உட்கார்ந்து அழுததில்லை. எனக்கு மட்டும் அந்த முடி கிடந்த நாளுக்குப் பிறகு அது வேறாகிவிட்டது. துளசியை முகர வேண்டியதே இல்லை, கிள்ளினாலே போதும், வாசம் அறை முழுக்க நிற்கும். மூச்சு விடாமல் இருக்க முடியாது. விட்டால் வாசம் வரும். தானாக வந்தால் தப்பில்லை, நானாக இழுத்தால் பாவம். இப்போது வந்தது தானாக வந்ததா, நான் இழுத்ததா? இந்தக் கேள்விக்கு ஒரு தடவைகூட எனக்குப் பதில் கிடைத்ததில்லை. பதில் கிடைக்கவில்லை என்றால் கட்டியதை அவிழ்த்துவிட்டு, கை கழுவிவிட்டு, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

தலையில் ஈரத்துண்டைச் சுற்றி இறுக்கிக்கொண்டேன், முடி விழாமல் இருக்க. மூக்கையும் வாயையும் ஒரு துணியால் கட்டிக்கொண்டேன். அறைக்குள் யாரும் வரக் கூடாது என்றேன். ஜன்னலைச் சாத்தினேன். கால்மணி நேரத்து வேலை முக்கால்மணி ஆனது, ஒன்றரை மணி ஆனது. ஐந்து மணிக்கு எழுந்தவள் நான்கு மணிக்கு எழ ஆரம்பித்தேன்.

இதை ஒரு வீடு எப்படி எடுத்துக்கொள்ளும்? எங்கள் வீடு பக்தி என்று எடுத்துக்கொண்டது. அம்மா தெருவெல்லாம் சொல்லிவிட்டாள், தெரு எனக்குச் சின்ன நாச்சியார் என்று பெயர் வைத்தது. பக்கத்து வீட்டுப் பெண்கள் தங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தி, "பாரு, மூக்கைக் கட்டிக்கிட்டு எப்படிக் கட்டுதான்னு பாரு, நீயும்தான் இருக்கியே" என்று காட்டுவார்கள். அந்தப் பிள்ளைகள் என்னை முறைத்துக்கொண்டு நிற்கும். துணிக்குள் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர்கள் ஒவ்வொருவரையும் பிடித்து உலுக்கி, இது பக்தி இல்லை, எனக்குப் பெருமாள் மேல் ஒரு பிரியமும் இல்லை, பயம்தான் இருக்கிறது என்று கத்த வேண்டும்போல் இருக்கும். ஆனால் சின்ன நாச்சியார் என்று பெயர் வாங்கியவள் அதை எந்த வாயால் சொல்வாள்? திட்டியிருந்தால் எப்போதோ தப்பித்திருப்பேன். புகழ்ந்தே என்னை அந்த அறைக்குள் வைத்துப் பூட்டினார்கள்.

மாதத்தில் மூன்று நாள் எனக்கு விடுதலை. வீட்டுக்குத் தூரம் என்று பின்கட்டில் ஒதுக்கி உட்கார வைப்பார்கள். மற்றப் பெண்கள் அதை முகம் சுளித்துச் சொல்வார்கள். நான் காத்திருப்பேன். பூவைத் தொடக் கூடாது, அறைக்குள் வரக் கூடாது. அப்படிச் சொல்ல மாட்டார்களா என்றுதானே மீதி நாளெல்லாம் ஏங்கினேன். அந்த மூன்று நாள் அப்பா கட்டுவார். நான் பின்கட்டில் சுவரில் சாய்ந்து இஷ்டத்துக்கு மூச்சு விடுவேன். ஒரு மாதம் துணிந்து, ஐந்து நாள் என்று பொய் சொன்னேன். அந்தப் பொய்க்காகப் பிறகு ஒரு மாதம் முழுக்க மாலையை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினேன். அதற்குப் பிறகு அந்தப் பொய்யைச் சொல்லவில்லை.

பள்ளிக்கூடம் முடிந்ததும் இராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் செக்கிங் வேலைக்குச் சேர்ந்தேன். வீட்டை விட்டு வெளியே பகல் முழுக்க இருக்கலாம் என்ற ஒரே சந்தோஷம்தான். வேலை என்ன தெரியுமா? ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுகிற காஸ் துணியைக் கண்ணாடி மேஜையில் விரித்து, அடியில் எரிகிற டியூப்லைட் வெளிச்சத்தில் முடி இருக்கிறதா என்று பார்ப்பது. தலையில் துணித் தொப்பி. மூக்கிலும் வாயிலும் துணி. முதல் நாள் அந்த மேஜைக்கு முன்னால் நின்றபோது எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. பதினோரு கிலோமீட்டர் பஸ்ஸில் வந்து அதே அறைக்குள் நுழைந்திருந்தேன்.

அங்கேயும் நல்ல பெயர்தான். ஒரு வருஷத்தில் என் மேஜையிலிருந்து போன சரக்கில் ஒரு புகார் வரவில்லை என்று முதலாளி எல்லார் முன்னாலும் சொன்னார். அவர் சொன்ன மறுநாளிலிருந்து நான் ஒட்டி முடித்த பாக்கெட்டைப் பிரித்துப் பார்க்க ஆரம்பித்தேன். உள்ளே ஒரு முடி இருந்து, அது யாரோ ஒரு நோயாளியின் புண்ணில் ஒட்டி, அந்தப் பாவமும் என் கணக்கில் சேர்ந்தால்? மதியத்துக்கு மேல் என் மேஜையில் வேலை நகரவே நகராது.

என் எதிர் மேஜையில் ஒரு அக்கா. வேதக்காரர்கள், ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலுக்குப் போவதைத் தவறவிட மாட்டார்கள். வாய் ஓயாது, யார் வீட்டில் என்ன குழம்பு என்பது வரைக்கும் அவருக்குத் தெரியும். ஒரு நாள் நான் ஒரே பாக்கெட்டை நாலாவது தடவை பிரித்ததைப் பார்த்துவிட்டு, "ஏட்டி, நீயும் எங்க அண்ணன் கேஸுதானா?" என்று சிரித்தார்.

அண்ணன் கதையை அவர் ஒரு வேடிக்கையாகத்தான் சொன்னார். அவருடைய அண்ணனுக்குப் பாவசங்கீர்த்தனம் செய்வதுதான் வேலையாம். சனிக்கிழமை போய்ப் பங்குச் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிவிட்டு வருவான். வாசல் தாண்டுவதற்குள் ஒன்றை விட்டுவிட்டோமோ என்று தோன்றும். திரும்பப் போவான். சரியாகத்தான் சொன்னோமா என்று மறுநாள் போவான். ஊரில் எல்லாரும் அவனைப் புனிதன் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள், மடத்துக்கு அனுப்பலாம் என்றுகூடப் பேச்சு. நான் காஸ் துணியை அப்படியே வைத்துவிட்டேன். பொறவு என்ன ஆச்சு என்று கேட்டேன்.

"சாமியாரு ஒரு நா கண்டிசனாச் சொல்லிட்டாரு. ஏலே, இனி மாசத்துக்கு ஒருக்கதான் நீ வரணும். சொன்னதைத் திருப்பிச் சொன்னா நான் கேக்க மாட்டேன். அதுல பாவம் இருந்தா அது என் தலையில, ஒன் தலையில இல்லைன்னுட்டாரு. மதுரையில ஒரு டாக்டர்ட்டயும் அவியளே கூட்டிட்டுப் போனாவ."

என் தலையில. இந்த ஒரு வார்த்தையை நான் பஸ்ஸில் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வேறொரு சாமி, வேறொரு ஊர்ப் பழக்கம், வாழைநாரும் துளசியும் கண்டறியாத ஒரு வீடு; அங்கே ஒருவன் என்னைப் போலவே மாட்டிக்கொண்டு கிடந்திருக்கிறான் என்பது எனக்குப் பெரிய ஆறுதல். கூடவே பொறாமை. அவனுக்கு அப்படிச் சொல்ல ஒருவர் இருந்தார். எனக்கு யார் சொல்வார்கள்? சொல்லக்கூடியவர் அப்பா ஒருவர்தான். அவரிடம் சொன்னால், தலைமுறையாக நிற்காத மாலை என்னால் நின்றுவிடும். இத்தனை வருஷம் போனதெல்லாம் முகர்ந்த மாலையோ என்று அவர் நெஞ்சில் விழுந்துவிடும்.

இதற்குள் அம்மாவுக்கு என் உடம்பைப் பார்த்துப் பயம் வந்துவிட்டது. கைகள் தண்ணீரிலேயே கிடந்து வெடித்திருந்தன. தாவணி இடுப்பில் நிற்கவில்லை. தேவதானம் பக்கம் குறி சொல்கிற ஒருவரிடம் என்னைக் கூட்டிப் போனாள். அவர் சோழியைப் போட்டுப் பார்த்துவிட்டு, சாமி காரியத்தில் ஏதோ குறை இருக்கிறது, ஒரு மண்டலம் இந்தப் பெண் கையாலேயே நூற்றெட்டுக் கண்ணி வைத்து மாலை கட்டிச் சாத்த வேண்டும் என்றார். தூரமான நாளை விட்டுவிட்டு எண்ண வேண்டும், குறையக் கூடாது. அம்மா கும்பிட்டு வாங்கிக்கொண்டாள். முங்குகிறவள் கழுத்தில் கல்லைக் கட்டிவிட்டு வீட்டுக்குக் கூட்டிவந்தாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் வீட்டுக்குத் தெரிந்த மருந்து அது ஒன்றுதான்.

இருபதோ இருபத்தொன்றோ, எத்தனையாவது நாள் என்று இப்போது நினைவில்லை. மூன்றாவது தடவை எண்பது கண்ணி வரைக்கும் கட்டி அவிழ்த்திருந்தேன். நார் கையிலேயே முறிந்தது. வெளியே அப்பா குடலையோடு நின்றுகொண்டிருந்தார். கோயிலில் மணி அடித்துவிட்டது. எனக்கு ஏழரைக்குப் பஸ். எப்படியோ முடித்து, மூக்குத் துணியை அவிழ்த்துவிட்டு, மாலையை நீட்டினேன். அவர் வாங்கக் கையை நீட்டியபோது நான் விடவில்லை.

"அப்பா, நான் மோந்துட்டேன்" என்றேன்.

எப்போது என்று கேட்டார்.

"தெரியல. மோந்தேனான்னும் தெரியல. ஒரு நாளும் தெரியல."

"எம்புட்டு நாளாத் தாயி?"

மாலையில் முடி கிடந்த நாளிலிருந்து என்றேன். அவருக்கு எந்த முடி என்று நினைவில்லை. தான் சொன்ன கேலியும் நினைவில்லை. நான் சொல்லச் சொல்ல அவர் மெதுவாகக் குடலையைக் கீழே வைத்துவிட்டு, தண்ணீர் சிந்தியிருந்த தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். ஆறு வருஷத்தையும் சொன்னேன். பின்கட்டு மூன்று நாளைச் சொன்னேன், ஐந்து நாள் பொய்யைச் சொன்னேன், மேஜையைச் சொன்னேன். கடைசியில் அந்த அக்காவின் அண்ணனையும் சாமியாரையும் சொன்னேன். அவர் அப்படிச் சொன்னாராம், நீங்கள் சொல்வீர்களா என்று மட்டும் கேட்கவில்லை. கேட்க எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை.

அப்பா எழுந்தார். பிறகு மாலையை என் கையிலிருந்து வாங்கினார். வாழ்நாளில் ஒரு பூவை மூக்குக்கு நேரே கொண்டுபோகாத மனுஷன், இரண்டு கையாலும் அதைத் தூக்கி முகத்தோடு சேர்த்து வைத்து நன்றாக இழுத்து முகர்ந்தார். அவர் நெற்றி நாமத்தில் ஒரு துளசி இலை ஒட்டிக்கொண்டது.

"இந்தா, நானும் மோந்துட்டேன். பாவம் இருந்தா அது என் தலையில. நீ பஸ்ஸுக்குப் போ" என்றார்.

நான் ஓடினேன். பஸ் கிடைத்துவிட்டது. சாயங்காலம் வந்ததும் முதல் கேள்வி, பெருமாள் போட்டுக்கொண்டாரா என்றுதான். போட்டுக்கொண்டார், நன்றாகத்தான் இருந்தார் என்றார் அப்பா, வெற்றிலையை மடித்துக்கொண்டே. மறுநாளும் நான் கட்டி முடித்ததும் வாசலில் வைத்தே என் கண் முன்னால் முகர்ந்துவிட்டு எடுத்துப் போனார். அதற்கு மறுநாளும். எப்படியும் முகரப்படப் போகிற மாலை. நான் முகர்ந்தேனா இல்லையா என்ற கேள்விக்கு இனி வேலை இல்லை. பயம் உடனே போய்விட்டது என்று சொன்னால் பொய். கேள்வி வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அவிழ்ப்பது ஐந்து தடவையிலிருந்து இரண்டானது, பிறகு ஒன்றானது.

மண்டலம் முடிந்ததும் அப்பாவே அக்காவிடம் விலாசம் வாங்கிக்கொண்டு என்னை மதுரைக்குக் கூட்டிப் போனார். டாக்டர் நெற்றி நிறைய விபூதி பூசியிருந்தார். சாமியை விட்டுவிடு என்று சொல்லிவிடுவாரோ என்று நான் பயந்துகொண்டே போனேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "சாமிய விடச் சொல்லலம்மா. திரும்பத் திரும்பப் பாக்குறத மட்டும் விடு. பயம் வந்தா வரட்டும், அவுக்காத" என்றார். தொழுகைக்கு முன்னால் கை கால் கழுவப் போய், தொழுகை நேரம் முடிகிற வரை கழுவிக்கொண்டே இருந்த ஒருவரைப் பற்றியும் சொன்னார். வீட்டில் எது உசத்தியோ அதன் மேல்தான் இந்த நோய் போய் உட்காருமாம். மாத்திரை எழுதித் தந்தார். வாய் உலர்ந்து போகும், பகலெல்லாம் தூக்கமாக வரும். வெளியே வரும்போது அப்பாவிடம், நீங்கள் எனக்கு முன்னாலேயே வைத்தியத்தை ஆரம்பித்துவிட்டீர்கள் என்றார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அவர் கூச்சப்படுகிறார் என்று நினைத்தேன்.

கல்யாணமாகி இராஜபாளையத்துக்குப் போகிற வரைக்கும் மூன்று வருஷம் நான்தான் கட்டினேன், அப்பா தினமும் முகர்ந்து எடுத்துப் போனார். அதன் பிறகு அவரே கட்டினார். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மழை மாதத்தில் காய்ச்சல் கண்டு இறந்துபோனார். கோயில் மாலை மாமா வீட்டுக்குப் போனது. அம்மா என்னோடு வந்துவிட்டாள்.

ஒரு வெள்ளிக்கிழமை, சாமி படத்துக்குப் போட வாங்கிய மல்லிகையைப் பொட்டலம் பிரித்ததும் நான் எதையும் யோசிக்காமல் முகர்ந்து பார்த்துவிட்டேன். புதுப் பூவா என்று தெரிந்துகொள்ளத்தான். நிமிர்ந்தால் அம்மா பார்த்துக்கொண்டிருக்கிறாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் கண் கலங்கியிருந்தது.

"ஒங்கப்பா இதைப் பாக்க இல்லையே. பாவம், மூணு வருசம் தினமும் ரெண்டாவது மாலைல்லா கட்டினாரு."

ரெண்டாவது மாலையா என்று கேட்டேன். உனக்குத் தெரியாதா என்பதுபோல் அம்மா சொன்னாள். நான் கட்டிய மாலையை என் முன்னால் முகர்ந்துவிட்டு, நேரே தோட்டத்துக்குப் போவாராம். அதைத் துளசிச் செடி மூட்டில், வேரடியில் போட்டு மண்ணைத் தள்ளிவிடுவாராம். கிணற்றடியில் உட்கார்ந்து வேறொரு மாலை கட்டி, அதைத்தான் கோயிலுக்குக் கொண்டுபோவாராம். முகர்ந்த மாலை ஒரு நாளும் பெருமாளிடம் போனதில்லை. முதல் நாளே போகவில்லை.

கையில் மல்லிகையோடு நான் பழைய பயத்துக்காகக் காத்துக்கொண்டு நின்றேன். அது வரவில்லை. கோபம்தான் வந்தது. அப்படியென்றால் தான் சொன்னதை அவரே நம்பவில்லை. நான் பயந்தது சரி என்றுதான் அவரும் கடைசி வரை நினைத்திருக்கிறார். முகர்ந்ததைக் கொடுத்தால் பாவம் என்று என்னைவிடப் பயந்திருக்கிறார். அந்தப் பயத்தோடுதான் என் முன்னால் தினமும் மாலையைத் தூக்கி முகத்தில் வைத்துக்கொண்டார். பெருமாள் போட்டுக்கொண்டார், நல்லாத்தான் இருந்தார் என்று என்னிடம் பொய் சொன்னார்.

"மூக்குல துண்டைக் கட்டிக்கிட்டுத்தான் கட்டுவாரு, ஒன்னைய மாதிரி" என்றாள் அம்மா. "சில நா நேரமாயிரும். போய்ப் பாத்தா, கட்டினதை அவுத்து வச்சுக்கிட்டு உக்காந்திருப்பாரு."

நான் மல்லிகையைத் தட்டில் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். என் தலையில் என்று அவர் சொன்னதைப் பெரிய மனதோடு சொன்ன ஆறுதல் என்றே இத்தனை காலம் நினைத்திருந்தேன். அவர் சொன்னபடியே என் பயத்தைத் தன் தலையில் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். என்னுடையதை வாங்கிக்கொள்ள அவர் இருந்தார். அவருடையதை வாங்கிக்கொள்ள இருந்தவள் நான் ஒருத்திதான், நானோ தினமும் ஏழரை பஸ்ஸைப் பிடிக்க ஓடிக்கொண்டிருந்தேன்.